சரக்கே இல்லாத கூட்ஸ் வண்டி: லாங்மூர் இராணுவ ரயில் பாதை

"இங்கிலாந்தில் ஓர் இராணுவ முகாமுக்குள் நீராவி ரயில் ஓடியதாமே, அதைப் பற்றி ரயில் ரசிகர்கள் இன்றும் உருகுகிறார்களே, அப்படி என்ன இருந்தது அங்கே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வது ஹாம்ப்ஷயரில் இருந்த லாங்மூர் இராணுவ ரயில் பாதையாகத்தான் இருக்க வேண்டும். சுருக்கமான பதில் வேண்டுமானால்: எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசியமே இல்லாத ரயில் அது. கற்றுக்கொள்வதற்காக மட்டும் ஓடிய ரயில். ரசிகர்களின் உருக்கத்துக்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. ஆனால் இதை விளக்க நேரம் பிடிக்கும், தேநீரோடு உட்காருங்கள்.

இராணுவத்துக்கு எதற்குத் தனி ரயில் என்பதிலிருந்து தொடங்குகிறேன். கிச்சனர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1902 முதல் 1909 வரை இந்தியாவின் தலைமைப் படைத்தளபதியாக இருந்தவர். அவர் அடிப்படையில் பொறியாளர் படைக்காரர். 1897இல் சூடானில் வாதி ஹல்ஃபாவிலிருந்து அபு ஹமத் வரை, தண்ணீர் இல்லாத பாலைவனத்தின் குறுக்கே தண்டவாளம் போட்டார். நைல் நதி பெரிய வளைவாக வளைந்து போகும் இடம் அது. ஆற்றோடு போனால் அருவிகள் மறிக்கும், ஒட்டகத்தில் போனால் படைக்குச் சோறு போய்ச் சேராது. அந்தப் பாதையைப் போட்டு முடித்ததால்தான் அடுத்த ஆண்டு ஓம்துர்மானில் அவர் வெல்ல முடிந்தது. களத்தில் அந்த வேலையை நடத்திய பெர்சி ஜிருவார்ட் என்ற கனடா நாட்டுப் பொறியாளரைத்தான், தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளிக் குடியேறிகளோடு பிரிட்டன் நடத்திய போயர் போரின்போது அங்கிருந்த ரயில்களுக்கும் பொறுப்பாக அனுப்பினார்கள். அங்கே எதிரி பாலங்களை வெடிவைத்துத் தகர்த்துக்கொண்டே போனான். இவர்கள் கட்டிக்கொண்டே பின்தொடர்ந்தார்கள்.

அந்தப் போர் ஒரு பாடத்தைச் சொல்லிக்கொடுத்தது. தண்டவாளம் போடவும், போட்டதில் வண்டி ஓட்டவும், பின்வாங்கும்போது அதையே உடைக்கவும், எதிரி உடைத்ததைச் சீர் செய்யவும் தெரிந்த சிப்பாய்கள் அமைதிக் காலத்திலும் தயாராக இருக்க வேண்டும். சண்டை வந்த பிறகு டிரைவர் தேடினால் கிடைக்க மாட்டான்.

லாங்மூரின் பிறப்பே வேடிக்கையானது. போயர் போர் முடிந்ததும் லண்டனிலிருந்து போர்ட்ஸ்மவுத் போகும் சாலையை ஒட்டி, வுல்மர் காடு எனப்படும் மணல் பூமியில் முகாம் கட்டினார்கள். காடு என்று பெயர்தானே தவிர, பெரும்பாலும் புதர் மண்டிய தரிசு. லாங்மூரில் கட்டிய குடில்கள் ஈரத்தில் ஊறின. சில மைல் தள்ளியிருந்த போர்டனில் தரை நன்றாக இருந்தது. பிரித்துக் கொண்டுபோய் மறுபடி கட்டுவதுதானே வழக்கம்? பொறியாளர் படை அப்படிச் செய்யவில்லை. பதினெட்டு அங்குல அகலத்தில் இரண்டு சிறு ரயில் பாதைகளைப் பக்கம் பக்கமாகப் போட்டு, அவற்றின் மேல் குடிலை முழுசாகத் தூக்கி வைத்து உருட்டிக்கொண்டே போனார்கள். 1903 முதல் 1905 வரை இப்படி 68 குடில்கள் ஊர்வலம் போயின. நம் ஊர்த் தேர் போலத்தான். வடம் பிடிக்கக் குதிரைகளும் நீராவி வின்சுகளும்.

வீடு நகர்ந்து முடிந்ததும் பாதையைச் சாதாரண அகலத்துக்கு மாற்றினார்கள். 1905 டிசம்பரில் பென்ட்லியிலிருந்து போர்டனுக்குப் பொது ரயிலின் கிளைப் பாதை வந்ததால், முகாம் ரயிலுக்கு வெளியுலகத் தொடர்பும் கிடைத்தது. முதலில் வுல்மர் பயிற்சி இராணுவ ரயில்வே என்று பெயர். 1935இல் லாங்மூர் இராணுவ ரயில்வே என்று மாற்றினார்கள். தெற்கே லிஸ் வரை 1933இல் நீட்டினார்கள். போர்டனிலிருந்து லிஸ் வரை ஏறத்தாழ எட்டு மைல்தான். விழுப்புரத்திலிருந்து கிளம்பிய பாசஞ்சர் இரண்டு ஸ்டேஷன் தாண்டுவதற்குள் இந்த ரயில்வே முடிந்துவிடும்.

ஆனால் அந்த எட்டு மைலுக்குள் அவர்கள் திணித்து வைத்திருந்ததைப் பார்க்க வேண்டும். ஒரு நிலையத்தில் ஒரு வகைக் கைகாட்டி, அடுத்ததில் இன்னொரு வகை. ஒற்றைப் பாதையை இயக்கும் முறைகளும் இடத்துக்கு இடம் மாறும். பயில வந்தவன் நாளை பிரான்சில் இருப்பானா எகிப்தில் இருப்பானா என்பது யாருக்கும் தெரியாது. எல்லாமே கைவர வேண்டும். மீட்டர் கேஜ் காலத்தில் வளர்ந்தவர்களுக்குப் பிரம்பு வளையம் நினைவிருக்கும். ஓடும் எஞ்சினிலிருந்து ஃபயர்மேன் கையை நீட்டி அதை வாங்குவார், பழைய வளையத்தைப் பிளாட்பாரத்தில் வீசுவார். அந்த வளையத்தோடு வரும் டோக்கன் கையில் இல்லாமல் அடுத்த பகுதிக்குள் நுழையக் கூடாது. அந்த ஒழுங்கின் வெவ்வேறு வகைகளை லாங்மூரில் சிப்பாய்கள் மனப்பாடம் செய்தார்கள். என் தாய்மாமா ரயில்வேயில் ஃபயர்மேனாக இருந்தவர் என்பதால் இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை வந்துவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போர்தான் லாங்மூரின் உச்சம். 1942இல் லிஸ்ஸில் பொது ரயிலான சதர்ன் ரயில்வேயோடு இணைப்பு வந்தது. அதே ஆண்டு ஹாலிவாட்டர் வளைவுப் பாதையும் முடிந்தது. இந்த வளைவு வந்ததும் வண்டியை எங்கும் நிறுத்தித் திருப்பாமல், சுற்றிச் சுற்றி மணிக்கணக்கில் ஓட்ட முடிந்தது. பக்கப் பாதைகள், யார்டுகள் எல்லாம் சேர்த்து எழுபது மைலுக்கு மேல் தண்டவாளம் கிடந்தது என்பார்கள். ஐரோப்பியக் கரையில் இறங்கப்போகும் ரயில் படைகள் இங்கேதான் பழகின.

சில ஆண்டுகளுக்கு முன்பு, செவர்ன் பள்ளத்தாக்கு ரயில்வே என்ற பாரம்பரிய நீராவி ரயிலின் ஹைலி நிலையத்தை ஒட்டிய எஞ்சின் அருங்காட்சியகத்தில் ஒரு முதியவரைச் சந்தித்தேன். கட்டாய இராணுவ சேவைக் காலத்தில், 1950களில், லாங்மூரில் ஃபயர்மேன் வேலை கற்றவராம். கூட்ஸ் வண்டியில் என்ன சரக்கு போகும் என்று கேட்டேன்.

"ஒன்றும் போகாது. காலி வேகன்கள்."

"எந்த ஊருக்கு?"

"கிளம்பிய இடத்துக்கேதான்."

ஆனால் கால அட்டவணை உண்டு. தாமதமானால் விசாரணை உண்டு. கார்டு விளக்கைக் காட்டாமல் வண்டி கிளம்பாது. வராத சரக்குக்கு ரசீது எழுதிப் பழகினார்களாம். வெள்ளிக்கிழமை மாலை மட்டும் நிஜமான பயணிகள் இருப்பார்கள்: விடுப்பில் வீட்டுக்குப் போகும் சிப்பாய்கள் லிஸ் வரை போய், அங்கே லண்டன் வண்டியைப் பிடிப்பார்கள். அந்த ஒரு வண்டியை ஓட்டும்போதுதான் கை நடுங்கும் என்று அவர் சிரித்தார். லண்டன் வண்டியைத் தவறவிட்ட நூறு சிப்பாய்களின் வாயில் விழுவது எந்த அதிகாரியின் தண்டனையையும்விட மோசமாம்.

அவர் என்னை ஓர் எஞ்சினின் கேபின் அருகே கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைக் காட்டினார். விரல் தடிமனே உள்ள குழாய். அதன் மேல்முனை பாய்லரின் நீராவிப் பகுதியோடும் கீழ்முனை தண்ணீர்ப் பகுதியோடும் இணைந்திருக்கும். உள்ளே எவ்வளவு தண்ணீர் என்பதைச் சொல்ல அதைவிட்டால் வேறு நல்ல வழி கிடையாது. கண்ணாடிக்குக் கீழேயுள்ள வடிகால் திருகைத் திறந்தால் கண்ணாடியில் இருக்கும் தண்ணீர் சீறிக்கொண்டு வெளியேறும். மூடினால் சட்டென்று மேலே ஏறி நிற்க வேண்டும். மெதுவாக, சோம்பேறித்தனமாக ஏறினால் எங்கோ அடைப்பு இருக்கிறது, காட்டும் மட்டம் பொய் என்று அர்த்தம். பயிற்சிக்கு வந்தவனை வேலை தொடங்குமுன் இதைச் செய்ய வைப்பார்கள்; வேலை நடுவிலும் திடீரென்று, "மட்டம் நிஜமா?" என்று கேட்பார்கள். பார்த்துவிட்டு ஆமாம் என்று சொல்பவன் திட்டு வாங்குவான். திறந்து மூடிக் காட்டிவிட்டுச் சொல்ல வேண்டும். என் மாமாவும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்வார்: முதலில் தண்ணீர், பிறகு நெருப்பு, பிறகுதான் பீடி.

இது வீண் கெடுபிடி அல்ல. நெருப்புப் பெட்டியின் கூரைக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் கீழே இறங்கிவிட்டால் செம்போ எஃகோ ஆன அந்தக் கூரை செஞ்சூடாகி, மேலே இருக்கும் நீராவியின் அழுத்தம் தாங்காமல் உள்நோக்கிச் சரிந்துவிடும். பிறகு கொதிநீரும் நெருப்பும் கேபினுக்குள் பாயும். போர்க்காலத்தில் அமெரிக்க இராணுவம் எஸ்160 என்ற வகை எஞ்சின்களை 2,100க்கும் மேல் கட்டவைத்தது. அவற்றில் நானூறு அளவில், ஐரோப்பாவுக்குப் போகும் முன்பு பிரிட்டிஷ் ரயில்வேக்களில் ஓடின. அந்த எஞ்சினில் கண்ணாடிக் குழாயின் வால்வு திருகித் திறக்கும் வகை; பாதி திறந்திருந்தாலும் முழுசாகத் திறந்ததுபோலவே இருக்கும். 1943 நவம்பரில் ஹனிபோர்ன் அருகே ஓர் எஞ்சினின் நெருப்புப் பெட்டிக் கூரை சரிந்தது. வால்வு சரியாகத் திறக்கப்படாததால் கண்ணாடி காட்டிய மட்டம் பொய்யாக இருந்தது. ஓட்டியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்ல. பழகிய வண்டி வேறு, கையில் வந்த வண்டி வேறு, அவ்வளவுதான். கண்டறியாத வண்டியையும் நம்பாமல் சோதித்துப் பார்க்கும் பழக்கத்தைத்தான் லாங்மூர் ஊட்ட முயன்றது.

இனி எஞ்சின்கள். ரசிகர்கள் எல்லோரும் முதலில் கேட்பது 'கார்டன்' பற்றித்தான். கார்ட்டூமில் 1885இல் கொல்லப்பட்ட ஜெனரல் கார்டனின் பெயர். அவரும் பொறியாளர் படைக்காரர். 'கிச்சனர்' என்றும் ஓர் எஞ்சின் இருந்தது. பொறியாளர் படைக்காரர்களின் பெயரை அந்தப் படையின் பள்ளி எஞ்சினுக்கு வைத்தது பொருத்தம்தான்.

கார்டன் 1943இல் கிளாஸ்கோவில் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி கட்டியது. முன்னால் இரண்டு சிறு சக்கரங்கள், அப்புறம் பத்துப் பெரிய சக்கரங்கள். ஏன் பத்து? போரில் சிதைந்த, அவசரமாகப் போட்ட பாதைகளில் ஓட வேண்டும். ஒவ்வொரு அச்சின் மேலும் பதின்மூன்றரை டன்னுக்கு மேல் பாரம் விழக் கூடாது. ஆகவே பாரத்தை ஐந்து அச்சுகளில் பங்கிட்டார்கள். பத்துச் சக்கரமும் விறைப்பாக நின்றால் வளைவில் திரும்பாது. அதனால் நடுச் சக்கர ஜோடிக்கு விளிம்பே கிடையாது. இதை வடிவமைத்தவர் ஆர். ஏ. ரிடில்ஸ். வார்ப்புக்குப் பதில் பற்றவைப்பு, நளினத்துக்குப் பதில் எளிமை என்று எல்லாவற்றையும் சிக்கனமாகச் செய்ததால் 'ஆஸ்டெரிட்டி' என்றே இந்த எஞ்சின்களுக்குப் பெயர். பத்துச் சக்கரத்தில் 150, எட்டுச் சக்கரத்தில் 935 கட்டினார்கள். இவற்றோடு ஹன்ஸ்லெட் கம்பெனியின் ஆறு சக்கர டேங்க் எஞ்சின். முதுகில் சேணம்போலத் தண்ணீர்த் தொட்டியைச் சுமந்திருக்கும். போர்க்கால உழைப்பு இரண்டு ஆண்டு தாங்கினால் போதும் என்று நினைத்துக் கட்டியது. மொத்தம் 485 வந்தன. சில இன்றும் பாரம்பரிய ரயில்களில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. சிக்கனமாகக் கட்டியது நிலைத்துவிட, ஆடம்பரமாகக் கட்டியவை பல பழைய இரும்புக்குப் போனதை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

போர் முடிந்ததும் மற்ற இடங்களில் இந்த எஞ்சின்கள் கரியும் துருவுமாகக் கிடந்தன. கழுவக்கூட ஆள் இல்லை. லாங்மூரில் மட்டும் கார்டனுக்கு நீல நிறம், சிவப்புக் கோடு, பளபளக்கும் பித்தளை. ஏன்? இராணுவத்தில் ஆளுக்கா பஞ்சம்? பயிற்சி என்ற பெயரில் துடைக்கச் சொன்னால் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். மூன்று வேகனை இழுக்கும் எஞ்சின் இராஜ வாகனம்போல மின்னும். காமிராவோடு வந்த ரசிகர்கள் முதலில் மயங்கியது இதில்தான்.

விபத்துப் பயிற்சியும் அவர்களுக்குத் திருவிழா. பழைய வேகன்களையும் எஞ்சினையும் வேண்டுமென்றே தடம் புரளச் செய்து, மீட்புக் கிரேனைக் கொண்டுவந்து தூக்கி வைப்பார்கள். போட்ட பாதையையே பிடுங்கி மறுபடி போடுவார்கள். வருமானக் கணக்கு பார்க்கும் எந்த ரயில்வேயிலும் இப்படி ஒரு காட்சியைப் பார்க்க முடியாது. பார்வையாளர் நாட்களில் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். சினிமாக்காரர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். மோதல் காட்சி வேண்டுமென்றால் இதைவிட வசதியான ரயில்வே எங்கே கிடைக்கும்?

காலம் 1968க்கு வந்தபோதுதான் லாங்மூர் புனிதத் தலமானது. அந்த ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வே பிரதான பாதைகளில் நீராவியை நிறுத்தியது. தனியார் வாங்கி வைத்திருந்த எஞ்சின்களையும், ஒன்றைத் தவிர, தன் பாதையில் ஓட விடவில்லை. யானை ஓவியங்களால் பெயர்பெற்ற டேவிட் ஷெப்பர்ட், ஓவியம் விற்ற பணத்தில் இரண்டு எஞ்சின்களை வாங்கியிருந்தார். ஒன்று, ரிடில்ஸ் பின்னாளில் வடிவமைத்த பத்துச் சக்கர வகை. 'பிளாக் பிரின்ஸ்' என்று பெயரிட்டார். எஞ்சின் என்ன, மேசைமேல் வைக்கும் பொம்மையா? அவற்றுக்கு இடம் கொடுத்தது லாங்மூர்தான். வேறு சங்கங்களின் எஞ்சின்களும் அங்கே வந்து நின்றன. பிரதான பாதைகளில் நெருப்பு அணைந்திருந்த நேரத்தில், இந்த இராணுவ முகாமில் காலையில் பாய்லருக்குத் தீ மூட்டினார்கள். இதை நேரில் பார்த்தவர்கள் இன்று எழுபது வயதைத் தாண்டியிருப்பார்கள். அவர்கள் குரல் தழுதழுப்பதைக் கேலி செய்யாதீர்கள்.

ஆனால் முடிவு நெருங்கியிருந்தது. பென்ட்லி பக்கக் கிளையில் பயணிகள் வண்டி 1957இலேயே நின்றுவிட்டது. 1966இல் சரக்கும் நின்றது. உலகெங்கும் இருந்த தளங்களைப் பிரிட்டன் காலி செய்துகொண்டிருந்தது. லாரியும் விமானமும் இருக்க, வெளிநாட்டில் ரயில் போடும் சிப்பாய் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. 1965இல் ரயில் வேலை பொறியாளர் படையிடமிருந்து புதிதாக அமைந்த போக்குவரத்துப் படைக்குக் கைமாறியது. 1969 அக்டோபர் 31 அன்று லாங்மூர் மூடப்பட்டது.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. பாதையை விலைக்கு வாங்கி, பாரம்பரிய ரயிலாக நடத்தத் திட்டம் போட்டார்கள். இராணுவம் தர முன்வந்தது லிஸ் பக்கத்துச் சிறு துண்டு மட்டுமே. அதையும் உள்ளூர்க்காரர்கள் பணம் திரட்டி முந்திக்கொண்டு வாங்கிவிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் புகை வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. ரசிகனாக எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் கொடியில் வேட்டி உலர்த்தியவுடன் கரித்தூள் படிந்த கதை எங்கள் வீட்டிலும் உண்டு என்பதால் அவர்களை முழுசாகத் திட்டவும் வாய் வரவில்லை. ஷெப்பர்ட் தன் எஞ்சின்களோடு வேறிடம் தேடிப் போய், கடைசியில் கிழக்கு சாமர்செட்டின் கிரான்மோரில் சொந்த ரயில்வேயே தொடங்கினார்.

லாங்மூர் மட்டும்தான் இப்படியா என்றால் இல்லை. அமெரிக்காவில் வர்ஜீனியாவின் ஃபோர்ட் யூஸ்டிஸ் முகாமில் இராணுவம் 1972 வரை நீராவியை வைத்திருந்தது. அங்கே ஓடிய 610ஆம் எண் எஞ்சின் 1952இல் கட்டப்பட்டது. டீசல் ஏற்கெனவே வென்றுவிட்ட காலத்தில் இராணுவம் கேட்டு வாங்கிய நீராவி. இப்போது அது டென்னசி பள்ளத்தாக்கு ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காரணம் ஒன்றேதான்: போய் இறங்கும் நாட்டில் நீராவி எஞ்சின்தான் இருக்கும் என்றால், அதை ஓட்டத் தெரிந்தவன் வேண்டும்.

நீங்கள் போய்ப் பார்க்க விரும்பினால், கார்டனை அந்த முதியவரைச் சந்தித்ததாகச் சொன்னேனே, அதே ஹைலி அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அதன் பழைய எண் 3651. அடுத்த எண் 3652, அதாவது கூடப்பிறந்த தம்பி, மத்தியக் கிழக்குக்கும் பிறகு கிரீஸுக்கும் போய் உழைத்துவிட்டு, 1984இல்தான் இங்கிலாந்து திரும்பியது. அண்ணன் முகாமைச் சுற்றியே வாழ்க்கையைக் கழித்தவன். அதே வகையில் 73755 என்ற எண்ணுள்ள எஞ்சினுக்கு 'லாங்மூர்' என்றே பெயர் வைத்து அனுப்பினார்கள். நார்மண்டி படையிறக்கத்துக்குப் பிறகு ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய ஆயிரமாவது பிரிட்டிஷ் கூட்ஸ் எஞ்சின் அது. நெதர்லாந்தில் உட்ரெக்ட் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

லாங்மூர் நிலத்தில் இராணுவம் இன்னும் துப்பாக்கிப் பயிற்சி நடத்துகிறது. சிவப்புக் கொடி ஏறியிருந்தால் உள்ளே போகாதீர்கள். லிஸ்ஸில் மட்டும் பழைய பாதையை ஆற்றோரமாக நடைபாதையாக்கியிருக்கிறார்கள். ஒரு மாலை நடந்தேன். கொஞ்ச தூரத்துக்கு நேர்கோடு, பிறகு எஞ்சினுக்காகவே வெட்டிய மெல்லிய வளைவு. கால் நடையில் வருபவனுக்கு அவ்வளவு நீளமான வளைவு தேவையே இல்லை. வுல்மர் காட்டில் பிரிட்டனின் ஊர்வனவும் நீர்நில வாழ்வனவும் பன்னிரண்டு வகையும் சேர்ந்தே இருக்கின்றன என்று இயற்கை ஆர்வலர்கள் சொல்வார்கள். நான் பார்த்தது, நாயோடு நடந்து வந்த ஒரு பெரியவரை மட்டும். இங்கே ரயில் ஓடியதே என்றேன். அவர் நடையை நிறுத்தாமல், "வெள்ளிக்கிழமைகளில்" என்றார்.